எண்ணூர் சேற்றில் ஒரு புது பாக்டீரியா கிடைத்தால்... அதற்குப் பெயர் வைப்பது எப்படி?

எண்ணூர் முகத்துவாரத்தில் தண்ணீர் வற்றும் நேரத்தில் கரையோரமா நின்றிருக்கீங்களா? கால் வைத்தால் கணுக்கால் வரை உள்ளே போகும். சேற்றின் மேல்பக்கம் மெல்லிசாகப் பழுப்பு. அதைக் கொஞ்சம் கிளறினால் கீழே அடுப்புக்கரி மாதிரி கறுப்பு. கையில் அள்ளினால் அழுகிய முட்டை நாற்றம் மூக்கைத் துளைக்கும். எறா பிடிக்கவும் நண்டு பிடிக்கவும் தினமும் அந்தச் சேற்றில் இறங்குகிறவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். நமக்குத்தான் முகம் சுளிக்கும்.

அந்தக் கறுப்புக்கும் நாற்றத்துக்கும் காரணமே பாக்டீரியாதான். சேற்றின் அடியில் ஆக்சிஜன் கிடையாது. அங்கே வாழும் சில பாக்டீரியாக்கள், கடல்நீரில் இருக்கும் சல்பேட்டை வைத்து 'மூச்சு' விடுகின்றன. அப்போது வெளிவருவது ஹைட்ரஜன் சல்பைடு. அழுகிய முட்டை வாசனை அதுதான். அது மண்ணில் இருக்கும் இரும்போடு சேர்ந்தால் கறுப்பாகிவிடும். இது பிச்சாவரம் மாதிரியான அலையாத்திக் காடுகளிலும் நடக்கும். அதனால கறுப்பாக இருக்கும் சேறெல்லாம் கெட்ட சேறு என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

ஆனால், எண்ணூர் சேற்றில் வேறு சிலதும் கலந்திருக்கிறது. அதனாலேயே, 'இங்கே உலகத்துக்குத் தெரியாத ஒரு பாக்டீரியா வாழ்ந்துட்டிருந்தா என்ன ஆகும்?' என்ற கேள்வி சுவாரஸ்யமாகிறது.

சேறு மறப்பதில்லை

2017 ஜனவரி 28. எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எரிஎண்ணெய் கரையெல்லாம் பரவியது. மீனவர்களும் மாணவர்களும் தன்னார்வலர்களும் வாளியால் அள்ளிய காட்சியை டி.வி-யில் பார்த்தது ஞாபகம் இருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் வந்து, பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர் ஆற்றில் படிந்தது. மறுபடியும் வாளி, மறுபடியும் மீனவர்கள். படகு, வலை, வீட்டுச் சுவர், அலையாத்தி வேர் என்று எல்லாவற்றிலும் கறுப்பு.

இந்த இரண்டும் செய்தியில் வந்தவை. செய்தியாகாமல் வருஷக்கணக்கில் நடந்ததும் உண்டு. அனல்மின் நிலையச் சாம்பல் குழாய்க் கசிவு, தொழிற்சாலைக் கழிவுநீர், ஊர்ச் சாக்கடை எல்லாம் கொசஸ்தலை ஆறும் கால்வாயும் கடலைத் தொடும் அந்த இடத்தில்தான் வந்து சேருகின்றன. மேலே மிதக்கும் எண்ணெயை அள்ளிவிடலாம். அடியில் படிந்தது அங்கேயே இருக்கும். தண்ணீர் ஓடிப்போய்விடும், சேறு எங்கும் போகாது.

அந்தச் சேற்றில் ஒரு கிராமுக்குள் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இருக்கும். எண்ணெயும் உலோகமும் உப்பும் சேர்ந்த இடத்தில் தாக்குப்பிடிக்கத் தெரிந்தவை பெருகும், தெரியாதவை குறைந்துபோகும். அதனால் மாசடைந்த இடங்கள் நுண்ணுயிர் ஆய்வாளர்களுக்கு ஒரு விதத்தில் புதையல் மாதிரி. கேட்கவே சங்கடமாக இருந்தாலும், உண்மை அதுதான்.

குப்பையில் கிடைத்த குண்டுமணிகள்

ஜப்பானின் சகாய் நகரத்தில் ஒரு பெட் பாட்டில் மறுசுழற்சி ஆலை இருக்கிறது. அங்கே படிவு, மண், கழிவுநீர் என்று 250 மாதிரிகளை எடுத்து, 'பிளாஸ்டிக்கைச் சாப்பிடுறது யாராவது இருக்கீங்களா?' என்று தேடினார்கள் விஞ்ஞானிகள். ஒன்று கிடைத்தது. மெல்லிய பெட் படலத்தை 30 டிகிரி வெப்பத்தில் ஆறு வாரத்தில் கிட்டத்தட்ட முழுசாகச் சிதைத்துவிட்டது. 2016-ல் அறிவிக்கப்பட்ட அதன் பெயர் ஐடியோனெல்லா சகாயென்சிஸ். ஊர் பெயரே உயிரின் பெயராகிவிட்டது.

எண்ணெய்க்கும் ஒரு ஆள் உண்டு. ஜெர்மனியின் போர்க்கும் தீவுக்குப் பக்கத்து வடகடலில் கிடைத்து, 1998-ல் பெயர் பெற்ற அல்கனிவோராக்ஸ் போர்க்குமென்சிஸ். கச்சா எண்ணெயில் உள்ள ஆல்கேன்கள்தான் இதன் பிரதான உணவு. சர்க்கரையைக் கொடுத்தால்கூடத் தொடாது. சுத்தமான கடலில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு இருக்கும் இது, எண்ணெய் கொட்டிய இடத்தில் மளமளவென்று பெருகிவிடும்.

நம் நாட்டுக்கு வருவோம். லக்னோ பக்கத்தில் உம்மரி என்று ஒரு கிராமம். லிண்டேன் என்ற பூச்சிமருந்தை ஒரு டன் தயாரித்தால் 8 முதல் 12 டன் வரை விஷக்கழிவு மிஞ்சும். அந்தக் கழிவு கொட்டப்பட்ட மண்ணில் டெல்லி பல்கலைக்கழகத்தின் ரூப் லால் குழுவினர் கண்டெடுத்த ஒரு பாக்டீரியா, 2009-ல் ஸ்ஃபிங்கோபியம் உம்மரியென்ஸ் என்று பெயர் பெற்றது. உலகத்தின் நுண்ணுயிர்ப் பட்டியலில் உம்மரிக்கு நிரந்தர இடம் கிடைத்துவிட்டது. எதனால் கிடைத்தது என்பதுதான் யோசிக்க வேண்டிய விஷயம்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பாங்க?

'மைக்ராஸ்கோப்ல பார்த்தா தெரிஞ்சிடாதா?' என்று கேட்கலாம். தெரியாது. பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை குச்சி, உருண்டை, சுருள் என்று சில வடிவங்கள்தான். ஆயிரக்கணக்கான இனங்கள் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். அதனால வேலை பல கட்டமாக நடக்கும்.

முதலில் சேறு எடுப்பது. கிருமிநீக்கிய பாட்டில், ஐஸ்பெட்டி, எடுத்த இடத்தின் ஜி.பி.எஸ் குறியீடு, ஆழம், உப்பின் அளவு, அமிலத்தன்மை எல்லாம் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டு அங்குலம் ஆழம் மாறினாலே அங்கே வாழ்கிற கூட்டம் மாறிவிடும்.

அடுத்து வளர்ப்பது. இங்கேதான் பாதிக் கதை முடிந்துவிடும். சேற்றில் இருக்கும் பாக்டீரியாக்களில் மிகச் சிறிய பகுதிதான் ஆய்வகத் தட்டில் வளரும். மற்றவை நாம் கொடுக்கும் சாப்பாட்டைச் சீண்டாது. எண்ணெய் தின்னியைத் தேடுகிறோம் என்றால், சாப்பாடாக எண்ணெயை மட்டும் வைப்பார்கள். மற்றதெல்லாம் பட்டினியில் அடங்கிவிடும், எண்ணெயைச் சாப்பிடத் தெரிந்தது மட்டும் பெருகும். அதிலிருந்து ஒரு சொட்டை எடுத்துப் புதுத் தட்டில் கோடு கோடாக இழுப்பார்கள். இழுக்க இழுக்க எண்ணிக்கை குறைந்து, கடைசிக் கோட்டில் தனித்தனிப் புள்ளிகள் தெரியும். ஒரு புள்ளி என்பது ஒரே செல்லின் வாரிசுகள். சந்தேகம் தீரும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்வார்கள்.

மூன்றாவது, வம்சாவளி பார்ப்பது. எல்லா பாக்டீரியாக்களிலும் 16எஸ் ஆர்.ஆர்.என்.ஏ என்ற ஒரு மரபணு இருக்கிறது. சுமார் 1,500 எழுத்து நீளம். புரதம் தயாரிக்கும் இயந்திரத்தின் பாகம் என்பதால் அது மிக மெதுவாகத்தான் மாறும். எவ்வளவு மாறியிருக்கிறதோ, அவ்வளவு தூரத்துச் சொந்தம். இந்த வழியைத் திறந்துவிட்டவர் அமெரிக்காவின் கார்ல் வோஸ். 1977-ல் இதை வைத்துத்தான் ஆர்க்கியா என்ற தனி வம்சமே இருக்கிறது என்று காட்டினார். நம் சேற்று பாக்டீரியாவின் 16எஸ், ஏற்கெனவே பெயர் வைத்த எதனோடும் 98.7 சதவிகிதத்துக்கு மேல் ஒத்துப்போகவில்லை என்றால், 'அட, புதுசா இருக்கும்போல' என்று நிமிர்ந்து உட்காரலாம்.

நான்காவது, முழு மரபணுத் தொகுப்பையும் படிப்பது. நெருங்கிய உறவினரோடு ஒப்பிடும்போது சராசரி ஒற்றுமை 95-96 சதவிகிதத்துக்குக் கீழே இருந்தால் அது தனி இனம். இங்கே ஒரு வேடிக்கை. மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் மரபணு ஒற்றுமை 98 சதவிகிதத்துக்கும் மேல்! பாக்டீரியாவின் அளவுகோலை வைத்துப் பார்த்தால் நாமும் சிம்பன்சியும் ஒரே இனம். 'இனம்' என்பதே மனிதர்கள் தங்கள் வசதிக்காகப் போட்ட கோடு என்பது இதிலிருந்து புரியும்.

ஐந்தாவது, குணம் பார்ப்பது. எத்தனை டிகிரியில் வளரும், எவ்வளவு உப்பு தாங்கும், எந்தச் சர்க்கரையைச் சாப்பிடும், செல் சவ்வில் என்ன கொழுப்பு அமிலங்கள் இருக்கின்றன என்று ஒரு பெரிய பட்டியல். பக்கத்துலயே அதன் நெருங்கிய சொந்தக்காரர்களையும் வளர்த்து, ஒரே மாதிரியான சூழலில் ஒப்பிட வேண்டும். மாதக்கணக்கில் ஆகும். சில சமயம் வருஷக்கணக்கில்கூட இழுக்கும்.

பெயர்சூட்டு விழா

இவ்வளவும் முடிந்தால்தான் பெயர். லத்தீன் மாதிரி இருக்க வேண்டும், இரண்டு சொல்லாக இருக்க வேண்டும், என்ன அர்த்தம் என்று விளக்க வேண்டும். ஊர் பெயரோடு 'என்சிஸ்' அல்லது 'என்ஸ்' சேர்த்தால் 'அந்த ஊர்க்காரர்' என்று பொருள். எண்ணூரில் கிடைத்தால் 'எண்ணூரென்சிஸ்' ஆகலாம். திருவொற்றியூர் என்றால் உச்சரிக்கும் வெளிநாட்டுக்காரர் பாடு திண்டாட்டம்தான்.

மனிதர்களின் பெயரும் வைக்கலாம். தரமணியில் இருக்கும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தினர், பிச்சாவரத்தில் உப்புநீரில் வளரும் ஒரு காட்டு நெல்லோடு ஒட்டி வாழும் பாக்டீரியாவுக்கு 2004-ல் ஸ்வாமிநாதனியா சாலிடாலரன்ஸ் என்று பெயர் வைத்தார்கள். சர்வதேச விண்வெளி நிலையத்தின் காற்று வடிகட்டியில் கிடைத்த ஒன்றுக்கு 2017-ல் சோலிபேசில்லஸ் கலாமி என்று நம் அப்துல் கலாமின் பெயர். அதே விண்வெளி நிலையத்தில் கிடைத்த இன்னொன்றுக்கு 2021-ல் மெத்திலோபாக்டீரியம் அஜ்மாலி. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் பேராசிரியர் அஜ்மல் கானை நினைவுகூரும் பெயர் அது.

பெயரில் என்ன இருக்கிறது என்று சாதாரணமாக விட்டுவிட முடியாது. 2010-ல் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பற்றிய ஓர் ஆய்வு லான்செட் குழும இதழில் வந்தது. அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. அந்த எதிர்ப்புச் சக்தியைத் தரும் நொதிக்கு 'நியூ டெல்லி' என்ற பெயர் வைக்கப்பட்டிருந்தது. ஒரு நகரத்தின் மேல் களங்கம் என்று நாடாளுமன்றம் வரை கோபம் கிளம்பியது. நாளைக்கு எண்ணூர் பெயரில் ஒரு பாக்டீரியா வந்தால் அது பெருமையா, வடுவா? உம்மரிக்காரர்களைக் கேட்டால்தான் தெரியும்.

இரண்டு நாட்டில் ஜாமீன்

பெயர் வைத்தால் மட்டும் போதாது. அந்த பாக்டீரியாவை உயிரோடு, குறைந்தது இரண்டு வெவ்வேறு நாடுகளில் உள்ள நுண்ணுயிர் வங்கிகளில் சேர்க்க வேண்டும். உலகில் யார் கேட்டாலும் வாங்கிச் சரிபார்க்க முடிய வேண்டும் என்பது விதி. அதன்பின் அதற்கென்றே இருக்கும் சர்வதேச ஆய்விதழில் வெளியானால்தான் பெயர் செல்லும். ஆய்வகத்தில் வளரவே மறுப்பவற்றுக்காக, மரபணுத் தொகுப்பை மட்டும் ஆதாரமாக வைத்துப் பெயரிடும் 'சீக்கோட்' என்ற தனி முறை 2022-ல் வந்திருக்கிறது.

இந்தியாவில் இன்னொரு படியும் உண்டு. 2002-ம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டப்படி, இங்கே கண்டுபிடிக்கும் எந்தப் புது உயிரினத்தையும் அரசு அறிவித்திருக்கும் காப்பகத்துக்குத் தெரிவித்து, மாதிரியை ஒப்படைக்க வேண்டும். சண்டிகரிலும் புனேயிலும் அப்படிப்பட்ட நுண்ணுயிர் வங்கிகள் இருக்கின்றன. இந்தச் சட்டத்தை நடத்தும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் தலைமையகம் எங்கே இருக்கிறது தெரியுமா? நம்ம தரமணியில்!

ஏன் இவ்வளவு கெடுபிடி? ஒரு பழைய கதை இருக்கிறது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்கா வெந்நீர் ஊற்றில் தாமஸ் பிராக் என்பவர் கண்டெடுத்த பாக்டீரியா, 1969-ல் தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்று பெயர் பெற்றது. கொதிநீரைத் தாங்கும் அதன் நொதியை வைத்துத்தான் பி.சி.ஆர் தொழில்நுட்பம் வளர்ந்தது. கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அந்தப் பரிசோதனைக்கு மூதாதை இதுதான். பி.சி.ஆர் உரிமையை ரோஷ் நிறுவனம் 1991-ல் 30 கோடி டாலருக்கு வாங்கியது. யெல்லோஸ்டோன் பூங்காவுக்குக் கிடைத்தது? ஒன்றுமில்லை. நம் சட்டம், ஓர் உயிர் வளத்தை வைத்து யாராவது சம்பாதித்தால் அதில் உள்ளூர் மக்களுக்கும் பங்கு உண்டு என்கிறது. எண்ணூர் சேற்றில் கோடிகள் பெறும் நொதி கிடைத்தால், அந்தச் சேற்றில் இறங்கி வாழ்ந்தவர்களுக்கு என்ன என்று கேட்க இடம் இருக்கிறது.

பாக்டீரியா வந்து சுத்தம் பண்ணிடுமா?

எல்லோரும் ஆசையாகக் கேட்பது இதுதான். பதில்: கொஞ்சம் செய்யும், முழுசாகச் செய்யாது.

2017-ல் அள்ளிய எண்ணெய்ச் சகதியைச் சிதைக்க பாக்டீரியா முறைதான் கையாளப்பட்டது. டெரி நிறுவனம் உருவாக்கிய ஆயில்ஜாப்பர் என்ற பாக்டீரியாக் கலவையும் நம் நாட்டில் பல எண்ணெய்க் கழிவுகளில் பயன்பட்டிருக்கிறது. ஆனால், எண்ணெயை வேகமாகத் தின்ன இவற்றுக்கு ஆக்சிஜன் வேண்டும், நைட்ரஜனும் பாஸ்பரஸும் வேண்டும். குழிக்குள் கொட்டி, கிளறி, உரம் போட்டுப் பார்த்துக்கொண்டால் நன்றாக வேலை செய்யும். ஆற்றின் அடியில், காற்றே புகாத கறுப்புச் சேற்றில் அந்த வேலை ஊர்ந்துதான் நடக்கும். அலாஸ்காவில் 1989-ல் எக்ஸான் வால்டஸ் கப்பல் கொட்டிய எண்ணெய்க்கு, கரையில் உரம் தெளித்து பாக்டீரியாவை உசுப்பிவிட்டார்கள். பலன் கிடைத்தது. ஆனாலும் கரைக்கு அடியில் புதைந்த எண்ணெய் பல வருஷங்கள் கழித்தும் அப்படியே இருந்தது.

உலோகம் விஷயத்தில் இன்னும் கஷ்டம். எண்ணெயை உடைத்தால் கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும் ஆகிவிடும். ஈயத்தையும் பாதரசத்தையும் எந்த பாக்டீரியாவாலும் தின்று தீர்க்க முடியாது, வடிவத்தை மாற்றத்தான் முடியும். சில நேரம் அது இன்னும் மோசமாகிவிடும். நாம் முதலில் பார்த்த சல்பேட் பாக்டீரியாக்களில் சில, பாதரசத்தை மீத்தைல் பாதரசமாக மாற்றுகின்றன. அது மீனில் ஏறி, மீனைத் தின்கிறவர்களிடம் போய்ச் சேரும். ஜப்பானின் மினமாட்டாவில் மக்களை முடக்கியது அதே மீத்தைல் பாதரசம்தான். அங்கே அது ஆலையிலிருந்தே வந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. உலோகத்தைத் தாங்கும் மரபணுவும், ஆன்டிபயாடிக்கைத் தாங்கும் மரபணுவும் பல பாக்டீரியாக்களில் ஒன்றாகவே பயணிக்கின்றன. சேற்றில் உலோகம் அதிகமானால், மருந்துக்கு அடங்காத கிருமிகளும் சேர்ந்தே தேர்வாகும் வாய்ப்பு உண்டு. அதனால 'எண்ணெய் தின்னி' என்ற செல்லப்பெயர் மட்டும் போதாது. யார் அங்கே இருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்ற முழுப் பட்டியல் வேண்டும். புது இனத்தை விவரித்துப் பெயரிடும் அலுப்பான வேலைக்கு உண்மையான பயன் அதுதான். பெயர் இல்லாததைக் கண்காணிக்க முடியாது.

முதலில் பெயர் வைத்தவர்கள்

எண்ணூரில் சில வருஷங்களுக்கு முன் ஒரு வேற்றுநாட்டுச் சிப்பி ஆற்றின் அடியை ஜமுக்காளம் விரித்த மாதிரி மூட ஆரம்பித்தது. எறா பதுங்கும் மணல் மறைந்தது. மீனவர்கள் அதை 'காக்கா ஆழி' என்று அழைத்தார்கள், ஆறு போய்க்கொண்டிருக்கிறது என்று மனு கொடுத்தார்கள். அறிவியல் அதை மைட்டெல்லா ஸ்ட்ரிகேட்டா என்கிறது, தென் அமெரிக்கக் கரையைச் சேர்ந்தது. கண்ணுக்குத் தெரிகிற உயிர் என்பதால் அவர்களே பார்த்து, பெயர் வைத்து, எச்சரித்துவிட்டார்கள்.

பாக்டீரியா விஷயத்தில் அது முடியாது. அதற்கு ஆய்வகம் வேண்டும், ஆராய்ச்சி மாணவர்கள் வேண்டும், பொறுமை வேண்டும். ஆனால் எந்த இடத்தில் நாற்றம் மாறியது, எந்த மாசத்தில் சேற்றின் நிறம் மாறியது, எங்கே எறா வராமல் போனது என்பதெல்லாம் காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் மக்களுக்குத் தெரியும். மாதிரி எடுக்க வருகிறவர்கள் முதலில் பேச வேண்டியது அவர்களிடம்தான்.

அடுத்த முறை எண்ணூர்ப் பக்கம் போகும்போது மூக்கைப் பொத்துவதற்கு முன் ஒரு நொடி யோசிங்க. அந்தக் கறுப்புச் சேற்றில் நாம் கொட்டியதை எல்லாம் சமாளித்து வாழக் கற்றுக்கொண்ட ஏதோ ஓர் உயிர் இருக்கலாம். ஒருநாள் அதற்கு எண்ணூரின் பெயரே வைக்கப்படலாம். அது வாழக் கற்றுக்கொண்டது சரி. அதே சேற்றில் இடுப்பளவு இறங்கி எறா தேடும் மனிதர்களையும் அப்படியே 'பழகிக்கோங்க' என்று விட்டுவிட முடியாது, இல்லையா?